கேள்வி வந்தால் பறவையைக் காட்டு

வழிகாட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். தொப்பி கொடுத்திருப்பார்கள். கழுத்தில் தொங்கவிட அட்டை கொடுத்திருப்பார்கள். ஒரு விசிலும் கொடுத்திருப்பார்கள். விசிலுக்கு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மற்றவை தெரியக் கொஞ்சம் நாளாகும்.

ஐம்பது தாண்டியதும் முழங்கால் மக்கர் செய்ததால், படகில் ஏறி இறங்கும் இந்த வேலையை நான் விட்டுவிட்டேன். வேலை பார்த்த காலமெல்லாம் வீடு திரும்பியதும் அன்றைய காற்று, தண்ணீர், வந்தவர்களின் குணம் ஆகிய மூன்றையும் தனித்தனித் தலைப்பிட்டு நாட்குறிப்பில் எழுதுவது என் வழக்கம். காற்று மாறியது, தண்ணீர் மாறியது. மூன்றாவது மாறவில்லை. கடைசி வருடங்களில் அந்தத் தலைப்பின் கீழ் 'மேற்படி' என்று மட்டும் எழுதிவந்தேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த வழிகாட்டி. கறுப்புக் கண்ணாடியை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. ஏரியைப் பற்றியும் ஊரைப் பற்றியும் அவருக்குத் தெரிந்தது மிகக் குறைவு. அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கணும்னு அவசியமில்லம்மா. கேள்வி வந்தா பறவையைக் காட்டு" என்றார் முதல் நாள்.

"பறவை இல்லைன்னா சார்?"

"இப்பதான் பறந்துபோச்சுன்னு சொல்லி, அது இருந்த இடத்தைக் காட்டு."

சிரிக்காதீர்கள். பழவேற்காட்டு ஏரியில் இது வேலை செய்தது. ஏரியின் ஆழம் கேட்டவருக்குக் கூழைக்கடாவைக் காட்டினேன். டச்சுக்காரர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டவருக்கு நத்தைகுத்தி நாரையைக் காட்டினேன். இருவரும் நன்றி சொன்னார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்ட அம்மாவிடம் மட்டும் பலிக்கவில்லை.

ஆனால் இந்த உபாயம் பலிக்காமல்போய், ஒரு மீனவர் மாதக்கணக்கில் காத்திருந்த முறை என் வாக்கினால் கைவிட்டுப் போகவிருந்த நாள் ஒன்று உண்டு. உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதைத்தான்.

முதலில் இடம். பசியாவரத்தைத் தாண்டி ஏரிக்குள் போனால் ஒரு திட்டு வரும். ஊரார் அதைக் கிளிஞ்சல் திட்டு என்பார்கள். காலங்காலமாக ஏரி ஒதுக்கித் தள்ளிய கிளிஞ்சல்கள் குவிந்து மேடான இடம். மண் என்பதே கண்ணில் படாது. தூரத்தில் வெள்ளையாகத் தெரியும். கிட்டத்தில் போனால் ஒவ்வோர் ஓட்டின் உட்புறத்திலும் கொஞ்சம் ஊதா, கொஞ்சம் ரோஜா நிறம் மினுக்கும். நடந்தால் பாத்திரக்கடைக்குள் நடப்பதுபோல் சத்தம் வரும். நடுமேட்டில் உமரிச் செடி படர்ந்து, வெயில் ஏற ஏறச் சிவந்துபோகும். திட்டைச் சுற்றி முழங்காலளவு தண்ணீர். காற்றில்லாத காலைப்பொழுதில் அதில் ஒரு நண்டு நகர்ந்தால் நண்டு தனியாகவும் அதன் நிழல் தனியாகவும் நடந்துபோவது தெரியும். தண்ணீர் வடியும்போது சேற்றில் சின்னச் சின்ன வளைகளிலிருந்து ஒற்றைக்கை பெரிதான நண்டுகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து, எல்லாம் ஒரே நேரத்தில் அந்தக் கையை உயர்த்தி ஆட்டும். தூரத்தில் பூநாரைகள் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு ரோஜாக் கோடாக நிற்கும்.

இவ்வளவும் இருந்தது. எங்கள் முதலாளிக்குப் போதவில்லை.

"கிளிஞ்சல் திட்டுன்னா யாரு வருவா? சுண்ணாம்புக் காளவாய்க்காரன்தான் வருவான்" என்றார். மறுவாரம் விளம்பரத் தாள் அச்சாகி வந்தது. அதில் அந்த இடத்துக்குப் 'பவளத்தீவு' என்று பெயர். படத்தில் செக்கச்சிவந்த பவளக்கிளைகளும் மஞ்சள் கோடு போட்ட ஒரு மீனும் இருந்தன. அந்த மீன் பழவேற்காட்டுக்கு வரவேண்டுமென்றால் அதற்கும் நாங்கள்தான் வேன் அனுப்ப வேண்டும்.

"சார், இந்த ஏரியில பவளம் கிடையாது. சேறும் ஆத்துத் தண்ணியும் வந்து கலக்கிற இடம். இங்க அது வளராது" என்று சொன்னேன்.

"வளரலைன்னா என்ன? நாம வளர்ப்போம்" என்றார் முதலாளி. அதை அப்போது ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது மனிதர்கள். எங்கள் சுற்றுலாவுக்குப் படகு ஓட்டியவர் தேசிங்கு, ஏரிக்குப்பத்து மீனவர். அவர் மனைவி பவுனம்மா திட்டில் எங்கள் கூட்டத்துக்கு மதியச் சாப்பாடு சமைப்பார். இறாலை அங்கே எறா என்பார்கள்; எறா வறுவலும் நண்டுக் குழம்பும் அவர் கையால் சாப்பிட்டவர்கள் பவளத்தைப் பற்றிய கேள்வியைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அவர் வாய்ப்பேச்சைக் கேட்டவர்கள் தங்கள் பெயரையே மறந்துவிடுவார்கள்.

கடைசியாக முறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஏரியில் காலை வைக்காதீர்கள். எறா நன்றாகப் படும் இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். குடும்பங்களோ நிறைய. ஆகவே ஊரில் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னார் வீட்டுக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். இதற்குப் பாடு என்று பெயர். அந்த இடத்தில் தண்ணீரில் கழிகள் வரிசையாக ஊன்றி நிற்கும். முறைக்காரர் தன் வலையைக் கொண்டுபோய் அந்தக் கழிகளில் கட்டுவார். ஏரித் தண்ணீர் கடலை நோக்கித் திரும்பி வடியும்போது எறா அதோடு இறங்கி வலையில் விழும். தண்ணீர் திரும்புவதற்கு முன் வலை கட்டியாக வேண்டும். கட்டவில்லையென்றால் முறை போனது போனதுதான். காய்ச்சல், கல்யாணம், சாவு எதற்கும் அடுத்த நாளுக்குத் தள்ளமாட்டார்கள். மறுபடி அந்த இடம் அந்த வீட்டுக்கு வர மாதங்கள் ஆகும்.

அன்று காலை படகுத்துறையில் தேசிங்கு எங்கள் வேனைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"இன்னிக்கு என்னை வுட்டுரு அக்கா. எங்க வூட்டு முறை. திட்டுக்கு அந்தாண்ட கீதே, அந்த எடம்."

"வேற படகு ஒண்ணும் காணோமே தேசிங்கு."

"போன தபா முறை வந்தப்ப முகத்துவாரம் மண்ணு மூடிகினு கெடந்துச்சு. தண்ணி நவுரவே இல்ல. வலைல வந்தது அத்தினியும் பாசி. இன்னிக்கு அமாவாசைத் தண்ணி அக்கா. இத வுட்டா அப்பால எப்ப வருமோ."

வேனிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தினர் ஒரு கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பணம் வாங்கியாயிற்று. நான் சொன்னேன்: "தண்ணி திரும்புறதுக்கு ரொம்ப முன்னாடியே கரைக்கு வந்துடலாம். நான் பொறுப்பு."

பவுனம்மா எண்ணெய்ச் சட்டியைப் படகில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அக்கா பொறுப்புன்றாங்க. எறாவுக்கும் ஒரு வார்த்த சொல்லிடுங்கக்கா. லேட்டானா கொஞ்சம் நின்னு வரச் சொல்லி."

தேசிங்கு தன் வலையைச் சுருட்டித் தார்ப்பாயில் மூடிப் படகிலேயே வைத்துக்கொண்டார். எங்களைக் கரையில் இறக்கிவிட்டு அப்படியே போய்க் கட்டிவிடலாம் என்பது ஏற்பாடு. அந்த மூட்டையின்மேல் சங்கத்தின் செயலாளர் உட்கார்ந்தார். "சீட்டு மெத்துன்னு இருக்கே" என்றார்.

செயலாளரைப் பற்றி நாட்குறிப்பில் 'மேற்படி' என்று எழுத முடியவில்லை. தனியாகவே எழுத வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் "லட்சத்தீவுல" என்று ஆரம்பிப்பார். லட்சத்தீவில் தண்ணீர் இப்படி இருக்காதாம். லட்சத்தீவில் படகு இப்படி ஆடாதாம். லட்சத்தீவில் மணல் சர்க்கரை மாதிரியாம்.

"அங்க நீங்க ரூமை விட்டே வெளிய வரலையே, வயித்துப்போக்குன்னு" என்றார் அவர் மனைவி. படகே சிரித்தது. செயலாளர் மட்டும் தூரத்தில் எதையோ பார்த்தார். பறவையாக இருக்கலாம்.

திட்டில் இறங்கியதும் மற்றவர்கள் கிளிஞ்சல் பொறுக்கினார்கள், படம் எடுத்தார்கள், எறா வறுபடும் வாசனையை நோக்கி நகர்ந்தார்கள். செயலாளர் விளம்பரத் தாளை விரித்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்.

"பவளம் எங்க மேடம்?"

ஆலாக் குருவிகளைக் காட்டினேன். பார்த்தார். "பவளம்?" என்றார். நீர்க்காகத்தைக் காட்டினேன். "சரி, பவளம்?" என்றார். சாப்பாட்டைக் காட்டினேன். சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து தன் பையைத் திறந்தார். உள்ளே தண்ணீருக்கடியில் பார்க்கும் கண்ணாடியும், மூச்சுவிடும் குழாயும் இருந்தன. இரண்டையும் மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் குப்புறப் படுத்தார். முகம் மட்டும் தண்ணீருக்குள் இருந்தது. மற்ற பெரும்பகுதி வெயிலில் இருந்தது.

பவுனம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டே பார்த்தார். "அந்த சாரு ஏங்கா குப்புறப் படுத்துகினு கீறாரு? இன்னாத்தயாவது தொலச்சிட்டாரா?"

"பவளம் தேடுறார்."

"அந்தத் தண்ணிக்கு நின்னுகினு குனிஞ்சாலே போதுமே."

செயலாளர் கைகளை ஊன்றி ஊன்றித் திட்டைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் போய்விட்டார். போகட்டும், அரை மணி நேரம் நிம்மதி என்று நினைத்தேன். எல்லோரையும் கிளப்பும் நேரம் நெருங்கிவிட்டது. பைகளை எடுத்துவைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மறுபக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"கெடைச்சிடுச்சு! எல்லாரும் வாங்க! பவளம்!"

பை, செருப்பு, குழந்தை எதையும் பார்க்காமல் கூட்டம் தண்ணீருக்குள் ஓடியது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ச் சேர்வதற்குள் காரியம் பாதி முடிந்திருந்தது.

அவர் கண்டுபிடித்தது, தேசிங்கு அன்று வலை கட்ட வேண்டிய கழிகளை. மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கும் கழியில் சிறு சிப்பிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வளர்ந்துவிடும். வெள்ளையாக, கூர்கூராக, கொத்துக்கொத்தாக இருக்கும். கையில் பட்டால் கிழிக்கும். ஏரிக்காரர்களுக்கு அது ஒரு தொல்லை. முழங்கால் தண்ணீரில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பவளத்துக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவருக்கு அது பவளம். ஆளுக்கொரு கொத்தாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று கழிகளை அடியோடு பிடுங்கிவிட்டார்கள். நான்காவதை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கழியைச் செயலாளர் தோளில் சாய்த்துப் பிடித்தபடி படத்துக்கு நின்றார்.

தேசிங்கு என்னைத் தாண்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினார்.

"சார், அது எங்க கழி சார். வுட்டுருங்க சார்."

"உங்க கழியா? இயற்கை யாருக்கும் சொந்தமில்ல தம்பி" என்றார் செயலாளர்.

தேசிங்கு என் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குனிந்து தன் காலைச் சுற்றி மிதந்த ஒரு பாசித் துணுக்கைப் பார்த்தார். அது எந்தப் பக்கமும் போகவில்லை.

"தண்ணி நின்னுபோச்சு அக்கா" என்றார். "இன்னும் கொஞ்ச நேரத்துல திரும்பிக்கும்."

கழி இல்லாமல் வலை கட்ட முடியாது. அவ்வளவு பேர் நின்று கலக்கும் இடத்தில் கழி ஊன்றவும் முடியாது. 'நான் பொறுப்பு' என்று காலையில் சொன்ன வாயால் இப்போது எதையாவது சொல்லியாக வேண்டும்.

பழக்க தோஷம். முதலில் பறவையைத்தான் காட்டினேன். "அதோ பாருங்க, பூநாரை!" அதிர்ஷ்டம், அந்த நேரம் பார்த்து மொத்தக் கூட்டமும் எழும்பியது. இறக்கையின் உட்புறத்துச் சிவப்பும் கறுப்பும் விரிய, வானத்தில் ஒரு புடவைத் தலைப்பை உதறியதுபோல் ஏரியின் குறுக்கே போயின. நான் அந்த ஏரியில் கண்ட மிக அழகான காட்சிகளில் அது ஒன்று. எல்லோரும் பார்த்தார்கள். "சூப்பர்" என்றார்கள். படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் திரும்பி நான்காவது கழியை ஆட்டத் தொடங்கினார்கள்.

அடுத்து உண்மையைச் சொன்னேன். வேறு வழி இல்லாதபோது அதையும் முயன்று பார்க்கத்தானே வேண்டும்.

"இது பவளம் இல்லைங்க. வெறும் சிப்பி. மீன்பிடிக்கிற கழி. இந்த ஏரியில பவளமே கிடையாது."

செயலாளர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மேடம், நீங்களே உங்க இடத்தைக் குறைச்சுப் பேசக் கூடாது. நான் லட்சத்தீவுல பாத்திருக்கேன்." விளம்பரத் தாளை நீட்டினார். "இது உங்க கம்பெனி அடிச்சதுதானே?"

"ஆமாம்."

"இதுல பவளத்தீவுன்னு போட்டிருக்கே. அப்ப பொய்யா?"

"ஆமாம். பொய்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பணம் கட்டிப் பார்க்க வந்த ஒன்றைப் பொய் என்று சொன்னால் மனிதர்கள் கோபப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நம்புவதில்லை, அவ்வளவுதான்.

கைப்பையில் போட்டுக்கொண்ட அம்மா பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "பவளத்தை நாம எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் இப்படிச் சொல்றாங்க."

அந்த அம்மாவுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

"சரி" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "உங்ககிட்ட மறைக்க முடியலை. பவளம்தான். வெளிய தெரியக் கூடாதுன்னு இருந்தோம். பவளத்தை உடைக்கிறதும் எடுத்துட்டுப் போறதும் சட்டப்படி குற்றம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புலியை அடிச்சா என்னவோ அதுதான் இதுக்கும்."

நான் சொன்ன கடைசி இரண்டு வாக்கியங்கள் முழு உண்மை. அதனால்தானோ என்னவோ அவை உடனே வேலை செய்தன. பொத், பொத்தென்று நாலா பக்கமும் சிப்பிக் கொத்துகள் தண்ணீரில் விழுந்தன. கைப்பை கவிழ்ந்தது. அதிலிருந்து ஒரு சீப்பும் விழுந்து மிதந்தது. செயலாளர் மட்டும், கோழி திருடிக் கையும் களவுமாக அகப்பட்டவர்போல், தோளில் கழியோடு நின்றார்.

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"எடுத்த இடத்துலயே நட்டுடணும். உயிருள்ளது. தண்ணி திரும்புறதுக்குள்ள நட்டாதான் பிழைக்கும்."

தேசிங்கு என்னை ஒரு கணம் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. "ஆமா சார், ஜல்தி" என்று சொல்லிவிட்டுப் படகுக்கு ஓடினார். கழி அடிக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியோடு திரும்பினார்.

அதன்பிறகு நடந்ததைப்போல் ஒழுங்காக ஒரு சுற்றுலாக் கூட்டம் வேலை செய்து நான் பார்த்ததில்லை. கழிக்கு நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். தேசிங்கு அடித்தார். பவுனம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நின்று மேற்பார்வை செய்தார்.

"அப்டி இல்ல சார். சாச்சா பவளத்துக்கு வலிக்கும். ரெண்டு கையால புடி. அந்தம்மா, நீ இன்னா வேடிக்க பாக்கற? உடைச்ச கைதான அது, வந்து புடி."

அந்த அம்மா வந்து பிடித்தார். செயலாளர் கையில் சிப்பி கிழித்து ரத்தம் வந்தது. அவர் அதைக் கழுவவும் போகவில்லை. எல்லாக் கழியும் நின்றதும், "இனி இங்க யாரும் தண்ணியில நிக்கக் கூடாது. பவளம் வேர் பிடிக்கிற நேரம். திட்டுல போய் சத்தம் போடாம உட்காருங்க" என்றேன். பவளத்துக்கு வேர் உண்டா என்று எவரும் கேட்கவில்லை.

தேசிங்கும் பவுனம்மாவும் படகிலிருந்த வலையை எடுத்துக் கழிக்குக் கழி கட்டினார்கள். கடைசி முடிச்சு விழும்போது அந்தப் பாசித் துணுக்கு மெல்ல நகர்ந்து, வலையைத் தொட்டு, அதில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் திரும்பிவிட்டது.

திட்டின்மேல் கூட்டம் வாயை மூடி உட்கார்ந்திருந்தது. பேசக் கூடாது, தண்ணீரில் இறங்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. வேறு ஒன்றும் செய்வதற்கில்லாமல் அவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். தண்ணீர் வடிய வடியச் சேறு வெளுத்தது. ஒற்றைக்கை நண்டுகள் வெளியே வந்து கையை ஆட்டின. சாயும் வெயிலில் கிளிஞ்சல் மேடு முழுவதும் ஊதாவாகி, பிறகு ரோஜா நிறமாகியது. உமரிச் செடி தீப்பற்றியதுபோல் நின்றது. காலையிலிருந்து அங்கேயே இருந்தவர்கள், அந்தத் தீவுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள்.

"ஏங்க" என்றார் செயலாளரின் மனைவி மெதுவாக. "லட்சத்தீவுல இப்படி இருக்குமா?"

அவர் கையாட்டும் நண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தேசிங்கு போனில் கூப்பிட்டார். "எறா வந்துச்சு அக்கா" என்றார். பின்னாலிருந்து பவுனம்மாவின் குரல்: "நல்லா வந்துச்சுனு சொல்லுய்யா. அக்கா பொறுப்புல வந்துச்சுனு சொல்லு."

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் உங்களுக்கு ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லியிருப்பேன். நம் தொழிலில் எந்த நல்ல காரியமும் முதலாளியின் காதுக்குப் போகும்வரைதான்.

செயலாளர் இணையத்தில் படங்களைப் போட்டிருந்தார். கழியைப் பிடித்த கை, கையில் ரத்தம், கீழே 'அழியும் பவளத்தை நட்டுக் காப்பாற்றினோம்' என்று ஒரு வரி. முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனேன். மாலை போடாத குறைதான்.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா, நாம வளர்ப்போம்னு? இனிமே வெறும் பவளத்தீவு இல்ல. பவளம் நடும் சுற்றுலா. ஆளுக்கொரு கழி."

"சார், அது பவளம் இல்ல. சிப்பி."

"நீங்கதான சொன்னீங்க பவளம்னு? வந்தவங்க எல்லாரும் சாட்சி."

மறுவாரமே படகுத்துறையில் சவுக்குக் கழி ஒரு லாரி வந்து இறங்கியது. ஒவ்வொரு கூட்டமும் தோன்றிய இடத்தில் நட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எறா வரும் வழியெல்லாம் கழிக்காடாகிவிடும். ஒரு நாள் தேசிங்கின் முறையைக் காப்பாற்றச் சொன்ன பொய், ஏரிக்குப்பத்தில் ஒவ்வொரு வீட்டு முறையையும் தின்றுவிடும். முதலாளியிடம் பேசிப் பயனில்லை. நேரே குப்பத்துக்குப் போய்த் தேசிங்கிடம் சொன்னேன். அவர் ஊர்க் கூட்டத்தில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பெரிய சண்டை வரும், இனி ஒரு படகும் எங்களுக்குக் கிடைக்காது என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஒருவர் கேட்டார்: "கழி யாரு செலவு?"

"கம்பெனி செலவு."

"அடிக்கறது?"

"வர்றவங்க. அதுக்குப் பணமும் கட்டுறாங்க."

"நம்மகிட்டயா?"

"இல்ல. அவங்கதான் கட்டுறாங்க, அடிக்கிறதுக்கு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பவுனம்மா எழுந்து நின்றார். "கழி அவுங்குது, கை அவுங்குது, துட்டும் அவுங்குது. நமக்கு இன்னா பேஜாரு? பழசு மக்கிப்போன கழிய மாத்த எங்க வூட்டுக்காரரு வருசத்துக்கு எத்தினி தபா முதுகு ஒடியறாரு? வர்றவங்கள முறைல சேத்துகினா ஆச்சு."

அப்படியே முடிவானது. டூரிஸ்டுக்கும் முறை உண்டு. ஒவ்வொரு நாளும் யார் வீட்டுப் பாடோ, அன்றைக்கு வரும் கூட்டம் அந்த வீட்டுக்காரர் காட்டும் இடத்தில், அவர் சொல்லும் ஆழத்தில், அவர் மக்கிய கழியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கழி நட வேண்டும். வேறெங்கும் நடக் கூடாது. முதலாளியிடம் இதை 'உள்ளூர் நிபுணர்களின் வழிகாட்டுதல்' என்று சொன்னேன். மிகவும் மகிழ்ந்தார். தாளில் அதையும் அச்சடித்தார்.

நீங்கள் வேலைக்குப் போகும் முன் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். படகில் ஏறுமுன் படகுக்காரரிடம் இன்று யார் வீட்டு முறை என்று கேளுங்கள். காற்று, தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டாவது, உண்மையைச் சொல்வதாக இருந்தால் பணம் வாங்குவதற்கு முன் சொல்லுங்கள். தண்ணீரில் இறங்கிய பிறகு அதை யாரும் வாங்கமாட்டார்கள்.

நான் வேலையை விட்ட வருடம் தேசிங்கின் முறை மறுபடி அந்த இடத்துக்கு வந்தது. அன்றைய கூட்டம் யார் என்று பார்த்தால், அதே அடுக்குமாடிச் சங்கம். செயலாளர் முன்னால் நின்றார். 'பவளக் காவலர்' என்று எழுதிய சட்டை போட்டிருந்தார். தான் முன்பு நட்ட கழியை அவரே அடையாளம் கண்டுபிடித்தார். குனிந்து அதில் ஒட்டிய சிப்பிகளைத் தடவினார்.

"வளர்ந்திருக்கு பாத்தீங்களா!" என்றார் மனைவியிடம். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிக்க வரவில்லை.

கூட்டம் கழி அடித்தது. தேசிங்கு படகின் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்தார். பவுனம்மா மேற்பார்வை. "எங்க வூட்டு முறை இன்னிக்கு. நல்லா இறக்கி அடிங்க சார். சாப்பிட்டீங்க இல்ல?"

எல்லாக் கழியும் நின்றது. பவுனம்மா வலையை எடுத்து முதல் கழியில் கட்டத் தொடங்கினார். செயலாளர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதைக் கவனித்தார். புருவம் சுருங்கியது.

"ஒரு நிமிஷம் மேடம். பவளத்துல எதுக்கு வலை கட்றாங்க?"

இத்தனை காலத்தில் அவர் கேட்ட முதல் சரியான கேள்வி. தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு காக்கைகூட இல்லை. வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியாது.

தேசிங்கு டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்று, ஒரு பறவையும் இல்லாத கிழக்கு வானத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"சார், அதோ! பூநாரை! ஐயோ, போயிடுச்சு. அந்தா, அங்கதான் இருந்துச்சு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பவுனம்மா இரண்டாவது கழிக்குப் போனார்.

நானும் பார்த்தேன்.